நடக்கும்போது குளிரட்டும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் வேட்டைப் பருவம் நினைவுக்கு வந்தது. பயிற்சி வகுப்பு முடித்து, உரிமமும் எடுத்துவிட்டீர்கள். உடன் வேலை செய்பவர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய்ப் பரணில் உட்கார வேண்டும், மைனஸ் 10 டிகிரி இருக்கும் என்கிறார்கள். ‘என்னிடம் ஒரு தடித்த ஜாக்கெட்டும் ஜீன்ஸும் இருக்கின்றன, சாக்ஸை இரண்டாகப் போட்டுக்கொள்வேன், போதுமா அண்ணா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதைவிட முக்கியம், இருப்பதை எப்போது போடுகிறீர்கள் என்பது. அதைத்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்குக் குளிர் என்றதும் ஒன்றுதான் தோன்றும்: இருப்பதையெல்லாம் எடுத்துப் போர்த்திக்கொள்வது. பேருந்து நிறுத்தம் வரை போய்வர அது சரி. வேட்டைக்கு ஆபத்து. வேட்டை நாளில் உடம்புக்கு இரண்டு வேலை. முதலில் இருட்டில், பனியில் கால் புதையப் புதைய, துப்பாக்கியும் பையும் சுமந்து நடக்க வேண்டும். அப்புறம் மூன்று, நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். நடக்கிற உடம்பு அடுப்பு மாதிரி எரியும். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அந்த அடுப்பு தணிந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே உடுப்பு கிடையாது.

நான் முதல் முறை போனபோது வண்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டுதான் இறங்கினேன். ஒரு கிலோமீட்டர்தான் நடை, ஆனால் மேடு. பாதி வழியிலேயே முதுகில் வியர்வை வழிவது தெரிந்தது. ‘நல்ல கதகதப்பு’ என்று சந்தோஷப்பட்டேன். மேலே போய் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனதும், முதுகுத் தண்டு நெடுக ஈரத்துணி ஒட்டினது போல ஒரு சில்லிப்பு. உள்ளே பருத்தி பனியன், முழுக்க நனைந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் தாடை தானாக ஆடத் தொடங்கியது. விடிந்து வெளிச்சம் வந்து, மரங்களுக்கு நடுவே ஒரு மான் மெதுவாக நடந்து வந்தபோது, துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குழல் நுனி நிற்கவே இல்லை. அந்த நிலையில் சுட்டால் அந்த உயிரைக் காயப்படுத்தி ஓடவிடத்தான் முடியும் என்று தெரிந்து, துப்பாக்கியைக் கீழே இறக்கினேன். கூட வந்த பெரியவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் என்னை வண்டிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

என்ன நடந்தது என்றால், தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கிற காற்றுதான் நம்மைக் காப்பது. அங்கே வியர்வை புகுந்துவிட்டால், மேலே எத்தனை அடுக்கு இருந்தாலும் உள்ளே ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது, சீக்கிரம் காயவும் காயாது. ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி பனியன், பருத்தி ஜட்டி, பருத்தி சாக்ஸ் எதுவும் வேண்டாம். பலரும் ஜாக்கெட்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள், உள்ளே என்ன போடுவது என்று கேட்க மாட்டார்கள். எனக்கு விஷயமே தோலை ஒட்டிக் கிடக்கிற அந்தத் துணிதான்.

அந்த இடத்துக்கு மெரினோ என்ற ஆட்டு வகையின் கம்பளியில் செய்த உள்சட்டை வாங்குங்கள். சிறு வயதுக் கம்பளி ஸ்வெட்டர் போல அரிக்காது, இழை அவ்வளவு மென்மை. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, ஓரளவு சூடும் தரும். இன்னொன்று, அதில் வியர்வை நாற்றம் எளிதில் அடிக்காது. மான் மூக்கால் உலகத்தைப் பார்க்கிற பிராணி, அதனால் வேட்டைக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடையும் பரவாயில்லை, சீக்கிரம் காயும். ஆனால் ஒரே நாளில் நாறத் தொடங்கிவிடும்.

அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்று இருக்கும் செயற்கைத் துணி) அல்லது கம்பளிச் சட்டை. நடைக்கு இந்த இரண்டும், காற்று அடித்தால் மெல்லிய காற்றுத் தடுப்பு ஒன்றும் போதும். தடித்த ஜாக்கெட்டைப் பைக்கு வெளியே கட்டிக்கொள்ளுங்கள், போட்டுக்கொள்ளாதீர்கள். வண்டியை விட்டு இறங்கி நிற்கும்போது ‘ஐயோ குளிருதே’ என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அளவு சரி. பத்து நிமிடம் நடந்ததும் அது போய்விடும். நடுவில் சூடு ஏறினால் நின்று குல்லாவைக் கழற்றுங்கள், கழுத்து ஜிப்பை இறக்குங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நடையைக் குறையுங்கள். இதற்காகவே அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். வேகமாக நடந்து வியர்ப்பதைவிடச் சீக்கிரம் எழுந்து மெதுவாக நடப்பது எவ்வளவோ மேல்.

இனி நான் தவறாமல் செய்கிற ஒன்று. பரணடிக்கு வந்ததும் ஏறிவிட மாட்டேன். ஐந்து நிமிடம் நின்று மூச்சு அடங்கவிடுவேன். பிறகு மேல் துணி இரண்டையும் ஒரே வீச்சில் கழற்றி, பையில் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்து கிடக்கும் இன்னொரு மெரினோ சட்டையை மாட்டிக்கொள்வேன். வெறும் உடம்போடு நிற்பது அரை நிமிடம்தான். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நம் தோளிலிருந்து ஆவி எழும்புவது தெரியும். சட்டையை மாற்றாமல் இருந்தால் அந்த ஆவி முழுவதும் துணிக்குள் அடைபட்டு, உட்கார்ந்த பிறகு நம்மைக் குளிரவைத்திருக்கும். காய்ந்த சட்டை உள்ளே போன அந்த நொடியின் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல்தான் அந்தத் தடித்த ஜாக்கெட். உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். குளிர்ந்த பிறகு போட்டால் குளிரைத்தான் மூடி வைப்போம்.

ஜாக்கெட் வாங்கும்போது உள்ளே இருக்கிற அடுக்குகளையும் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறுக்கினால் காற்று நிற்க இடமில்லாமல் போகும். வாத்து இறகு நிரப்பியது எடைக்கு எடை மிகச் சூடு, ஆனால் நனைந்தால் கட்டிக்கட்டியாகச் சுருண்டு வேலை செய்யாது. ஈரப்பனி விழுகிற இடமென்றால் செயற்கைப் பஞ்சு நிரப்பியதே நம்பிக்கை. அப்புறம் சத்தம். கடையில் கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். நைலான் ‘சர்ர்’ என்று உரசினால் வேண்டாம், அமைதியான காட்டில் அந்த ஒலி மானுக்கு எட்டிவிடும். கம்பளியோ ஃப்ளீஸோ மேல்முகமாக உள்ள துணி சத்தமே போடாது.

ஆரஞ்சு நிற மேல்சட்டையும் குல்லாவும் பற்றித் தயங்க வேண்டாம். துப்பாக்கி வேட்டைக் காலத்தில் பல இடங்களில் அது சட்டப்படி கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் போடுங்கள். மானின் கண்ணில் சிவப்பை உணரும் செல் இல்லை. மனிதருக்குத் தீப்போலத் தெரிகிற அந்த ஆரஞ்சு அதற்கு அப்படித் தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: ஆரஞ்சை உள்ளே போட்டுவிட்டுத் தடித்த ஜாக்கெட்டை மேலே போட்டால் மறைந்துபோகும். எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

கால்தான் பெரும்பாலானவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது. இரண்டு ஜோடி சாக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, நகரத்து பூட்ஸுக்குள் இரண்டைத் திணித்தால் ஒரு ஜோடியைவிட அதிகமாகக் குளிரும். கால் இறுகி ரத்த ஓட்டம் குறைந்துவிடும். சூட்டைக் கொண்டுவருவது ரத்தம்தான், சாக்ஸ் அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு பூட்ஸுக்குள் விரல்களைத் தாராளமாக ஆட்ட முடிகிற அளவு வாங்குங்கள். உள்ளே கழற்றக்கூடிய ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) உறை உள்ள பூட்ஸ் அசையாமல் உட்காருவதற்கு அருமை. இரவில் அந்த உறையை வெளியே எடுத்துக் காயவைக்க மறக்காதீர்கள். நடந்துவந்த சாக்ஸையும் மேலே உட்காரும் முன் மாற்றிவிடுங்கள். பரண் இரும்பாக இருந்தால் அது காலடி வழியே சூட்டை உறிஞ்சும். ஒரு துண்டு ரப்பர் நுரைப் பாயைக் காலுக்கடியில் போடுங்கள், இன்னொன்றை உட்காருகிற இடத்தில். என் பையில் இருக்கிற பொருள்களிலேயே எடை குறைந்தது அதுதான், பயன் அதிகமானதும் அதுதான்.

கைக்கு ஐந்து விரல் பிரிந்த தடித்த கையுறை வேண்டாம். விரல்கள் சேர்ந்திருக்கும் பெரிய கையுறையும் அதற்குள் மெல்லிய கம்பளிக் கையுறையும் போடுங்கள். சுட வேண்டிய நேரத்தில் பெரியதைக் கழற்றினால் மெல்லியது கையில் இருக்கும். தடித்த கையுறையோடு ட்ரிகர் வளையத்துக்குள் விரலை விடவே கூடாது. விரல் எங்கே தொடுகிறது என்று தெரியாமலே வெடித்துவிடும். வீட்டில், குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, முழு உடுப்போடு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். தடித்த ஜாக்கெட்டால் துப்பாக்கியின் அடிக்கட்டை அக்குளில் சிக்கும், கண் வழக்கமான இடத்துக்கு வராது. இது காட்டில் தெரியவருவதைவிட வீட்டில் தெரிவது நல்லது. பரணில் பாதுகாப்புப் பட்டை கட்டுவீர்கள் அல்லவா, அதையும் அந்த ஜாக்கெட்டோடு மாட்டிப் பழகுங்கள்.

கைச்சூட்டுப் பொட்டலங்கள் கிடைக்கும். உள்ளே இரும்புத் தூள், காற்றுப் பட்டால் துருப்பிடித்துச் சூடாகும். காற்று வேண்டும் என்பதால் இறுகிய பூட்ஸுக்குள் சரியாக வேலை செய்யாது. சட்டைப் பையிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ வையுங்கள். தோலில் நேராகப் படாமல் நடுவே துணி இருக்கட்டும், நெடுநேரம் பட்டால் சுட்டுவிடும்.

தலை வழியே பாதிச் சூடு போய்விடும் என்று சொல்வார்கள், அது மிகை. பரப்புக்கு ஏற்ற அளவுதான் போகும். ஆனாலும் காதும் மூக்கும் கன்னமும் காற்றுக்கு முதல் இரை. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. காற்றுக் குளிர் என்ற இந்தக் கணக்கின் முதல் வடிவம், 1940களில் பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் உருளையில் தண்ணீர் வைத்து, அது காற்றில் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்ததில் பிறந்தது. 2001இல் மனித முகத்தை வைத்துப் பார்த்துத் திருத்தினார்கள். முகத்தைத்தான் பார்த்தார்கள் என்பதை மனதில் வையுங்கள், நாம் மூடாமல் விடுவதும் அதைத்தானே. குரங்குக் குல்லாவும் கழுத்துக்கு ஒரு கம்பளிக் குழாயும் இருந்தால் போதும். கன்னத்தில் வெள்ளையாக, மெழுகு பூசினது போல ஒரு திட்டு தெரிந்து, அந்த இடம் மரத்திருந்தால் அது பனிக்கடியின் தொடக்கம். தேய்க்காதீர்கள், பனியை வைத்தும் தேய்க்காதீர்கள். வெறும் உள்ளங்கையை அதன் மேல் பொத்தி வைத்து, கதகதப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

‘ஒரு வாய் குடித்தால் சூடாகும்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். துப்பாக்கி கையில் இருக்கும்போது அது கூடவே கூடாது என்பது ஒருபுறம். மது தோலருகே ரத்தத்தைக் கொண்டுவருவதால் சூடு போலத் தோன்றுகிறதே தவிர, உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. பிளாஸ்கில் சூடாக வேறு எதையாவது கொண்டுபோங்கள்.

கடைசியாக, கூட வருகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வோம் என்று. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கே அது தெரியாது, அதுதான் பயங்கரம். பேச்சு குழறும், ஜிப் போடத் தடுமாறுவார், எழுந்தால் கால் இடறும், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்பார். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். அவசர உதவியைக் கூப்பிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. வெறும் நடுக்கம் தொடங்கும்போதே இறங்கிவிடுங்கள். மான் அடுத்த வாரமும் வரும்.

இந்த வாரமே ஒரு ராத்திரி, வாங்கியது எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கைபேசியைப் பார்க்கக் கூடாது. எந்த இடம் முதலில் குளிர்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் முதலில் குளிர்வது வலது கால் சுண்டுவிரல்தான், அதனால் அந்தக் காலடியில் மட்டும் நுரைப் பாயை இரண்டாக மடித்துப் போடுகிறேன். உங்களுக்கு எங்கே என்று தெரிந்தால் மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.