தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வெண்ணெய்த் தட்டு வைக்கலாமா? நம் ஊர் வெப்பத்தில் அது நிற்குமா?

நண்பகல் தொடங்கி இரவு வரை நாற்பது பேர் வந்துபோகும் வீட்டில், குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், இணையத்தில் பார்த்த வெண்ணெய்த் தட்டை (வெண்ணெயைப் பரப்பி, மேலே சுவைப்பொருள்களைத் தூவி, ரொட்டியோடு எடுத்துச் சாப்பிடும் தட்டு) வைக்க முடியுமா என்றும், சைவம் உண்பவர்களும் மலாய் நண்பர்களும் தயக்கமின்றிச் சாப்பிட அதில் என்ன சேர்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் படத்தில் கண்டது போல் ஒரு நீண்ட மரப்பலகை நிறைய வெண்ணெயைப் பரப்பி மேசை நடுவில் மாலை வரை விட்டுவைக்கும் எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். சிறிய தட்டு, அடியில் குளிர்ச்சி, தீரத் தீரப் புதிதாக அடுத்த தட்டு என்று திட்டமிட்டால், மலேசியாவின் சிலாங்கூரில் நான் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவைப் போன்ற (பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள்) வெயில் கொளுத்தும் தோட்டப்புறச் சிற்றூரிலும் இது நன்றாகவே அமையும்.

இந்தப் பழக்கம் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜஸ்டின் டோய்ரன் டிக்டாக்கில் வெளியிட்ட ஒரு காணொளியால் உலகெங்கும் பரவியது. சமையற்கலைஞர் ஜோஷுவா மெக்ஃபேடனிடமிருந்து இந்த யோசனையைப் பெற்றதாக அவரே சொல்லியிருந்தார். அங்கே அது இலையுதிர் காலம். வீட்டுக்குள் வெண்ணெய் தடவும் பதத்திலேயே சில மணி நேரம் இருக்கும். நமக்கோ தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் இடியுடன் மழை பெய்தாலும், நண்பகலில் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. பால்கொழுப்பு ஏறத்தாழ 20 டிகிரியில் தடவும் பதத்துக்கு வந்து, 32 முதல் 35 டிகிரிக்குள் முழுவதுமாக உருகிவிடும் என்பதால், நம் கூடத்து மேசையில் வெறுமனே வைத்த வெண்ணெய் அரை மணி நேரத்துக்குள் வழியத் தொடங்குவதில் வியப்பில்லை.

ஒருமுறை உருகியதைக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் கொழுப்பும், பதினாறு பங்குக்கு மிகாமல் நீரும் இருக்கின்றன; அந்த நீர் கொழுப்புக்குள் நுண்துளிகளாகச் சிதறிக் கிடப்பதால்தான் வெண்ணெய் வழவழப்பாக இருக்கிறது. உருகும்போது நீர் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். மீண்டும் இறுகும்போது கொழுப்பு மட்டும் மணல் மணலாகக் கட்டிக்கொள்ளும். அது சமையலுக்கு உதவும், விருந்தினர் முன் வைக்க உதவாது.

ஆகவே தட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். மரப்பலகை பார்வைக்கு அழகுதான், ஆனால் மரம் குளிர்ச்சியைக் கடத்தாது, எண்ணெயையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். நம் வீட்டில் தேங்காய் பழம் வைக்கும் எவர்சில்வர் தாம்பாளம் இதற்கு எவ்வளவோ மேல். விளிம்பு உயர்ந்த பெரிய தட்டு ஒன்றில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன்மேல் நான்காக மடித்த துணியைப் போட்டு, துணியின்மேல் தாம்பாளத்தை வையுங்கள். பனிக்கட்டியின்மேல் உலோகத்தை நேராக வைத்தால் அடிப்பக்கத்து வெண்ணெய் கல்லாகிக் கரண்டியே இறங்காது. இடையிலுள்ள துணிதான் அந்தக் குளிரைத் தணித்து, வெண்ணெயைத் தடவும் பதத்தில் நிறுத்துகிறது. இன்னும் குளிரட்டும் என்று பனிக்கட்டியில் உப்புப் போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். பித்தளை, செம்புத் தாம்பாளங்களைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் செம்பு பட்டால் கொழுப்பு விரைவில் சிக்கடித்துப்போகும்.

தாம்பாளத்தின்மேல் வாழையிலை விரிக்க வேண்டும். இலையைத் துடைத்து, அடுப்புத் தணலின்மேல் இரண்டு பக்கமும் காட்டினால் பச்சை கரும்பச்சையாக மாறி, தோல்போல் வளைந்துகொடுக்கும். அப்போதுதான் மடித்த இடத்தில் கிழியாது. நடு நரம்பு கரண்டியைத் தடுக்கும் என்பதால் அதைச் சீவி எடுத்துவிட்டு, நன்றாக ஆறவிட்டு, பிறகு விரியுங்கள். வெண்ணெயின் வெளிர்மஞ்சளுக்கு அந்தப் பச்சை எடுப்பாக இருப்பது ஒருபுறம் இருக்க, ஒரு தட்டு முடிந்ததும் இலையோடு சுருட்டி எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க முடிவதுதான் உண்மையான வசதி.

வெண்ணெயைப் பதப்படுத்துவதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 250 கிராம் கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்தால் நம் சமையலறையில் பதினைந்து, இருபது நிமிடத்தில் இளகிவிடும். விரலால் அழுத்தும்போது குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. துண்டின் மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கினால் பதம் தாண்டப்போகிறது என்று பொருள், உடனே கிண்ணத்தோடு பத்து நிமிடம் உள்ளே வைத்துவிட வேண்டும். சரியான பதத்தில் இருப்பதை மரக்கரண்டியாலோ கை மிக்சராலோ நிறம் வெளுத்துப் பொங்கும்வரை அடித்துக்கொண்டால், காற்று கலந்து, குளிர்ந்த தட்டிலும் எளிதில் வழித்தெடுக்க வரும். உப்பில்லாத வெண்ணெயை வாங்கி உப்பை நீங்களே சேர்ப்பது நல்லது. உப்பு சேர்ந்தே வரும் கட்டியில், வறுத்த பொருள்களும் சேரும்போது கரித்துவிடும் வாய்ப்பு அதிகம்.

செலவைக் குறைக்க மார்ஜரின் போடலாமா என்று இன்னொருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். போட்டால் உருகாமல் நிற்கும் என்பது உண்மைதான். செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) பிரிக்கும் கெட்டிப் பகுதி 44 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், அதைச் சேர்த்துச் செய்யும் மார்ஜரின் நம் வெயிலைத் தாங்குகிறது. ஆனால் வெயிலில் உருகாத கொழுப்பு வாயிலும் எளிதில் உருகாது, மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நட்டார். அந்த மரங்களுக்கு நடுவே வாழ்கிற நானே சொல்கிறேன், பிளாந்தா மார்ஜரினைப் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தட்டுக்கு வேண்டாம். அளவைக் குறைத்தாவது நல்ல வெண்ணெயே வாங்குங்கள். முறுக்கும் பலகாரமும் சாப்பாடும் இருக்கும் விருந்தில் நாற்பது பேருக்கு இரண்டு கட்டிகள், அதாவது அரை கிலோ, போதும்.

சுவைகளில் இரண்டு மட்டும் செய்யுங்கள், ஒன்று இனிப்பு, மற்றொன்று காரம். இனிப்புக்கு குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. நல்ல கருஞ்சிவப்புக் கட்டியாகப் பார்த்து வாங்கி, ஈரமாக இருந்தால் ஓரிரவு குளிர்பெட்டியில் திறந்து வைத்து, பிறகு சீவினால் பொலபொலவென்று உதிரும். அடித்த 250 கிராம் வெண்ணெயில் 60 கிராம் சீவலும் கால் தேக்கரண்டி உப்பும் போட்டு, முழுவதும் கரைந்துவிடாமல் மேலோட்டமாகக் கலக்க வேண்டும். கடிபடும் சிறு துணுக்குகள்தான் இதன் ருசி. தனியாக 100 கிராம் குலா மலாக்காவை இரண்டு மேசைக்கரண்டி நீரும் முடிச்சிட்ட பண்டான் (ரம்பை) இலையும் சேர்த்துப் பாகு காய்ச்சி, முற்றிலும் ஆறவைத்துக்கொள்ளுங்கள். இலையில் பரப்பிய வெண்ணெயைக் கரண்டியின் முதுகால் அழுத்தி இழுத்தால் வரப்பும் வாய்க்காலுமாக மேடுபள்ளம் விழும்; பள்ளங்களில் இந்தப் பாகை ஊற்றி, மேடுகளில் கெரிசிக் (வறுத்து இடித்த தேங்காய்) தூவினால் வேறு அலங்காரமே தேவையில்லை. கெரிசிக்கைக் கடையில் வாங்குவதைவிட, துருவிய தேங்காயைச் சிறுதீயில் எண்ணெயின்றிப் பழுப்பாக வறுத்து, சூட்டோடு உரலில் இடித்துக்கொள்வதே மேல். வாசனை பக்கத்து வீடு வரை போகும்.

காரத்துக்குக் கறிவேப்பிலை. மூன்று நான்கு கொத்துகளைக் கழுவி, துணியில் ஒற்றி, துளி ஈரமும் இல்லாமல் உலர்த்திய பின் எண்ணெயில் பொரித்து நொறுக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய வளையங்களாக அரிந்து பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம், விதை நீக்கிப் பொடியாக நறுக்கிய இரண்டு சிலி பாடி (சிறிய காரமான மிளகாய்), கரகரப்பாக இடித்த மிளகு, ஒரு எலுமிச்சையின் மேல்தோல் துருவல், உப்பு, இவ்வளவே. எலுமிச்சைச் சாற்றைப் பிழிய வேண்டாம், நீர் சேர்ந்தால் வெண்ணெய் திரிந்ததுபோல் ஆகிவிடும். மிளகாய், மிளகு, துருவல், உப்பு ஆகியவற்றை உள்ளே கலந்துவிடலாம். பொரித்த இலையையும் வெங்காயத்தையும் மட்டும் மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் மேலே தூவுங்கள், முன்கூட்டியே கலந்தால் வெண்ணெயிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு நமுத்துப்போகும்.

பூண்டு சேர்க்க ஆசைப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பச்சைப் பூண்டைக் கொழுப்பில் புதைத்துக் குளிரின்றி வைத்திருப்பது, காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமிக்கு இடம் கொடுப்பதாகும். பூண்டு வெண்ணெய் செய்வதாக இருந்தால் அன்றே செய்து, குளிர்பெட்டியில் வைத்து, அன்றே முடித்துவிடுங்கள்.

யார் யார் சாப்பிடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன இரண்டிலும் மீனோ முட்டையோ இல்லை, ஆகவே விரதம் முடித்து வரும் சைவ உறவினர்களுக்கும் பொருந்தும். சம்பாலைக் கலக்கும் எண்ணம் இருந்தால், அதில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) இருக்கும் என்பதையும், காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாமைக் கலந்தால் அதில் முட்டை இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே மரியாதை. மலாய் நண்பர்களுக்காக வெண்ணெய், ரொட்டி, பிஸ்கட் அனைத்தையும் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். கிறிஸ்துமசுக்கு இதையே செய்பவர்கள் உலர்திராட்சையை ரம்மில் ஊறவைக்காமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, ஒட்ட வடித்து, பட்டைத்தூளும் ஏலமும் சேர்த்தால் எல்லாரும் சாப்பிடலாம். வேர்க்கடலை, முந்திரி தூவினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வரக்கூடும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் ஆளாளுக்கு ரொட்டியைக் கையில் பிடித்து ஒரே பலகையில் தேய்த்து எடுக்கிறார்கள். நம் வீடுகளில் அது எடுபடாது. ஒருவர் கடித்த ரொட்டி மீண்டும் தட்டுக்குப் போனதைப் பார்த்துவிட்டால் எச்சில் பார்க்கும் அத்தை மட்டுமல்ல, சுகாதாரம் பார்க்கும் மருமகளும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். ஒவ்வொரு சுவைக்கும் ஒரு கரண்டி போட்டு, பக்கத்தில் உள்ளங்கை அளவு வாழையிலைத் துண்டுகளை அடுக்கி, வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் வரும் பெரியவர்களுக்கு வீட்டுப் பெண்ணோ பையனோ பரிமாறிக் காட்டிவிட்டால் பின்னால் வருபவர்கள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.

கூட வைக்க ரொட்டி பெங்காலி என்னும் வெள்ளை ரொட்டியைத் தடித்த துண்டுகளாக வெட்டி வாட்டுவது சிறப்பு. ஜொகூரின் பத்து பகாட்டில் தயாராகும் ஹப் செங் கிரீம் கிராக்கர் காரத் தட்டுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் என் தேர்வு அவித்த மரவள்ளிக்கிழங்குதான். நாரை எடுத்துவிட்டு விரல் நீளத்துக்கு வெட்டிய கிழங்கைச் சூட்டோடு வைத்து, அதன்மேல் குலா மலாக்கா வெண்ணெய் இளகி இறங்கும்போது, ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சாப்பாடு என்று கிழங்கை ஒதுக்கும் பாட்டிமார்களும் இரண்டாவது துண்டு கேட்பார்கள். குளிர்ந்த தாம்பாளத்தின் வெளிப்புறம் நம் ஈரக்காற்றில் வியர்த்துக்கொண்டே இருக்கும். ஆகையால் ரொட்டியையும் பிஸ்கட்டையும் அதன் ஓரத்தில் அடுக்காமல் வேறு தட்டில் வையுங்கள். பிஸ்கட்டை ஆட்கள் வந்த பிறகு டின்னிலிருந்து எடுத்தால் போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் நாளே இரண்டு வெண்ணெயையும் கலந்து, ஒவ்வொரு தட்டுக்கும் 120 கிராம் அளவில் பிரித்து மூடி வைத்துவிட்டால், மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பும் வேலைதான் மிஞ்சும். ஒரு தட்டு ஒரு மணி நேரம் மேசையில் இருக்கலாம், பனிக்கட்டி கரைந்துபோனால் அதற்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பலர் கரண்டி போட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேசைக்கே வராத வெண்ணெயைத் தாளில் உருளையாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். கறிவேப்பிலை வெண்ணெயை வில்லையாக வெட்டிச் சூடான சோற்றிலோ தோசையிலோ போட்டுக்கொள்ளலாம். குலா மலாக்கா கலந்ததை மட்டும் நெய்யாகக் காய்ச்ச முயல வேண்டாம், சர்க்கரை அடியில் கருகிவிடும். அதை ரொட்டியில் தடவியே தீர்த்துவிடுங்கள்.