மூன்று சக்கர பைக்கில் ஹேண்டில்பார் மாற்றலாமா?

கேள்வி: ஏர்வாடிப் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வலது கால் போலியோவால் பாதிக்கப்பட்டது. 100 சிசி பைக்கின் பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்து, பின்பிரேக்கைக் கைக்கு மாற்றி ஓட்டுகிறேன். ஆர்சியிலும் மாற்றுத்திறனாளி வாகனம் என்றே பதிவாகியிருக்கிறது. கீழக்கரை போய் வந்தாலே இடது தோள்பட்டை விட்டுப்போகிறது. வலப்பக்கம் திருப்பும்போது உடம்பே முன்னால் இழுபடுகிறது. உயரமும் தூரமும் மாற்றிக்கொள்கிற ஹேண்டில்பார் போடலாமா? பட்டறையில் பழைய ஹேண்டிலிலேயே பைப் ஒட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள்.

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த வெல்டிங் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்துப் பைப் பலமிழந்துவிடும், குரோமும் உரிந்துவிடும். நம் கடற்கரை உப்புக்காற்றில் துரு முதலில் பிடிக்கிற இடம் அதுதான். பைப்புக்கு உள்பக்கமாக அரிப்பதால் வெளியே தெரியாது. ஓடும்போது ஹேண்டில் கையோடு முறிந்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தோள் ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். இரண்டு சக்கர பைக்கை வளைவில் சாய்த்துத் திருப்புகிறோம், கைக்கு வேலை குறைவு. மூன்று சக்கரம் சாயாது. முன்சக்கரத்தைத் திருப்புகிற பாரம் முழுவதும் கைக்கு வந்துவிடும். வலப்பக்கம் திருப்பினால் ஹேண்டிலின் இடது முனை உங்களை விட்டு முன்னால் போகும், இடது தோளும் அதன் பின்னாலேயே போகும். அதனால் வண்டியை நேராக நிறுத்தி அளவெடுக்காதீர்கள். ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பி வைத்து அளவெடுங்கள். முதுகு நிமிர்ந்தபடி இருக்க, தூரத்தில் போன கையின் முழங்கை கொஞ்சமாவது மடங்கியிருக்க வேண்டும். கிட்டே வந்த கைப்பிடி வயிற்றிலோ தொடையிலோ டேங்கிலோ இடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் இன்னொரு சோதனை. எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு விரலால் தட்டினால் அது தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். நடுவில் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி நின்றால் பால்ரேஸ் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள குண்டு பேரிங்) போய்விட்டது. மணலும் உப்பும் இறங்குகிற ஊரில் இது சகஜம். கோன்செட்டை (அந்தப் பேரிங் செட்டை) மாற்றி கிரீஸ் வைத்தாலே பாதி வலி போய்விடலாம். பின்சக்கரம் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈசிஆரில் தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிந்திருக்கும், மூன்று சக்கர வண்டி அந்தச் சரிவோடு இடப்பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும். காற்றும் குறைந்தால் இழுவை கூடும். பின் அச்சில் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாமல் இரண்டு சக்கரத்தையும் ஒரே ராடில் பூட்டியிருந்தால், வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதை எந்த ஹேண்டில்பாரும் சரிசெய்யாது.

இவையெல்லாம் சரி என்றால், அப்புறம் ஹேண்டில். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் பைப்பின் வெளிவிட்டம் 22 மி.மீ. உங்கள் பைப்பை அளந்து அதற்கேற்ற ரைசர் கிளாம்ப் வாங்குங்கள். ஹேண்டிலை மேலே தூக்கி, உங்கள் பக்கமாகக் கொண்டுவருவது இதுதான். கோணம் மாற்றும் மூட்டு உள்ளதை வாங்கினால், மூட்டு முகத்தில் பல் வெட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். வழவழப்பாக இருந்து இறுக்கத்தில் மட்டும் நிற்கிற மூட்டு, மூன்று சக்கர வண்டியின் இழுவைக்கு நழுவிவிடும். ரைசரோடு வரும் போல்ட் நீளம் போதுமா என்றும் பாருங்கள். 8 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. மரையாவது உள்ளே ஏற வேண்டும்.

ஹேண்டில் ஏறினால் கேபிள்கள் குட்டையாகிவிடும். கிளட்ச், ஆக்சிலரேட்டர், முன்பிரேக், வயரிங் எல்லாமே. உங்கள் வண்டியில் கைக்கு மாற்றிய பின்பிரேக் கேபிளும் சேர்ந்துகொள்கிறது. அதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கக் கூடாது, நீளமான கேபிள் போடுங்கள். பூட்டிய பிறகு, நியூட்ரலில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்தும் அதேபோல் திருப்புங்கள். பின்சக்கரம் பிடித்தால் பிரேக் கேபிள் போதவில்லை.

போல்ட்டை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்குங்கள். அலுமினிய ரைசரில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போட்டால் உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து மரை பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவிப் போடுங்கள், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் திரும்பத் தடவுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளி தனக்காக வண்டியை மாற்றிக்கொள்ளப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு வழியும் தருகிறது. ரைசர் வாங்கும் முன்பே ஆர்சியோடு ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில் இருக்கட்டும். கச்சான் காற்று (மேற்குக் காற்று) வீசுகிற நாளில் பாம்பன் பாலத்தில் ஏறிப் பழக வேண்டாம். அந்த ஓட்டம் முடிந்ததும் ஹேண்டில் போல்ட் அத்தனையையும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.