ஏஎம்எக்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மஸ்டாங், கமரோ, சார்ஜர்னு பேசிப் பேசி அலுத்துப்போச்சு, அதனால இந்த தடவை ஏஎம்எக்ஸ். அமெரிக்கன் மோட்டார்ஸ் 1968ல இருந்து 1970 வரைக்கும் மூணே மாடல் வருஷம் போட்ட ரெண்டு சீட்டு வண்டி. அந்தக் காலத்து அமெரிக்க கார்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், கூச்சப்படாம கேளுங்க.

அண்ணே, அமெரிக்கன் மோட்டார்ஸ்னு ஒரு கம்பெனி இருந்ததே எனக்குத் தெரியாது. யாரு இவங்க?

1954ல நாஷ், ஹட்சன் ரெண்டும் சேர்ந்து உருவான கம்பெனி தம்பி, ஃபேக்டரி விஸ்கான்சின்ல கெனோஷாங்கிற ஊர்ல. ராம்ப்ளர்னு பெட்ரோல் கம்மியா குடிக்கிற சின்ன வண்டிய வித்துத்தான் ஜிஎம், ஃபோர்டு, கிறைஸ்லர் நடுவுல தாக்குப் பிடிச்சாங்க. 60கள் நடுவுல இளவட்டம் எல்லாம் மஸ்டாங் பக்கம் சாஞ்சுடுச்சு, ராம்ப்ளர்னா பெருசுங்க ஓட்டுற வண்டின்னு ஆயிடுச்சு, 1967ல மட்டும் 7 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அந்த நெருக்கடியிலதான் இந்த வண்டி வருது, அதை மனசுல வச்சுக்கிட்டு மீதிய படிங்க.

சார், இது கொர்வெட்டுக்கு ஏழை வீட்டு காப்பிதானே?

இல்லவே இல்லை, இதைக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். கொர்வெட் ஜிஎம்மோட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், அதுக்குத் தனி ஃபிரேம், தனி ஃபைபர் பாடி, பின்னாடி ஜிஎம்மோட பணம். இவங்ககிட்ட அந்த வசதி கிடையாது, டிசைன் தலைவர் டிக் டீக் என்ன பண்ணார்னா கம்பெனியோட நாலு சீட்டு ஜாவலின் இருக்குல்ல, 109 இன்ச் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்), அதுல சரியா 12 இன்ச்ச வெட்டி எடுத்து 97 ஆக்கிட்டாரு, பின் சீட்டு காலி, ஆனா கதவு, விண்ட்ஷீல்டு எல்லாம் ஜாவலினோடதே, அசெம்பிள் பண்ணதும் அதே கெனோஷா லைன்லதான். வீல்பேஸ் கொர்வெட்ட விட ஒரு இன்ச் குட்டை, விலை 3,245 டாலர்ல ஆரம்பம், கொர்வெட்ட விட ஆயிரம் டாலருக்கு மேல கம்மி. முழுக்க ஸ்டீல் பாடி வேற. கையில இருக்குற சாமானை வச்சே இப்படி ஒரு வண்டி கட்டினது சாமர்த்தியம், அதைப் போய் காப்பின்னு சொல்லாதீங்க.

ப்ரோ இன்ஜின் ஃபோர்டுகிட்ட வாங்கினதுன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார், உண்மையா?

பொய். ஃபோர்டுலயும் 390 கியூபிக் இன்ச் இன்ஜின் இருந்துச்சு, அதனால வந்த குழப்பம் இது, ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது அமெரிக்கன் மோட்டார்ஸ் சொந்தமா பண்ண வி8, முதல்ல 290, 343, 390 கியூபிக் இன்ச்னு மூணு சைஸ், 390க்கு 315 ஹார்ஸ்பவர், கிராங்கும் கனெக்டிங் ராடும் ஃபோர்ஜ் பண்ண ஸ்டீல். நாலு கியர் பாக்ஸ் மட்டும் போர்க் வார்னர்கிட்ட வாங்கினது.

ஓட்டத்துல எப்படி? சும்மா பார்க்க மட்டும்தானா?

கிரெய்க் ப்ரீட்லவ் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, உப்புப் பாலைவனத்துல ஜெட் கார்ல மணிக்கு 600 மைல் வேகத்தை முதல்ல தாண்டின மனுஷன். 1968 ஆரம்பத்துல டெக்சாஸ்ல சான் ஏஞ்சலோ பக்கம் குட்இயர் டெஸ்ட் டிராக்ல அவரும் அவர் மனைவி லீயும் ரெண்டு ஏஎம்எக்ஸ மாத்தி மாத்தி ஓட்டி 106 ரெக்கார்டு போட்டாங்க, 24 மணி நேர சராசரி வேகம் மணிக்கு 140 மைலுக்கு மேல! வண்டி இன்னும் ஷோரூமுக்கே வரல அப்போ. 1969ல ஹர்ஸ்ட் கம்பெனியோட சேர்ந்து டிராக் ரேஸுக்குன்னே (நேர் கோட்டுல யாரு முந்துறாங்கன்னு பார்க்குற பந்தயம்) ஐம்பத்தி சொச்சம் வண்டி தனியா பண்ணாங்க, ரெண்டு ஹாலி கார்புரேட்டர் வச்சு, அதுல ஒண்ணை ஓட்டினவங்க ஷர்லி ஷாஹன், அந்தக் காலத்துலயே டிராக் ரேஸ்ல பேர் வாங்கின பெண்மணி.

டேஷ்போர்டுல நம்பர் பிளேட் இருக்காமே, அதை வச்சு ஒரிஜினல்னு கண்டுபிடிக்கலாமா?

முடியாது. சின்ன மெட்டல் தகடு, பார்க்க அழகா இருக்கும், ஆனா அந்த நம்பருக்கும் சேசிஸ் நம்பருக்கும் தொடர்பு இல்லை. ஒரிஜினல் 390ஆன்னு பார்க்கணும்னா சேசிஸ் நம்பர்ல ஏழாவது எழுத்தைப் பாருங்க, எக்ஸ்னு இருக்கணும். அப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டு குனிஞ்சு இன்ஜின் பிளாக்கோட சைடைப் பாருங்க, மவுண்ட் பிராக்கெட் பாதி மறைச்சிருக்கும், அதுக்குப் பக்கத்துல சைஸ் நம்பர் புடைப்பா வார்த்திருக்கும், அழுக்கைத் துடைச்சாதான் தெரியும். அங்க 343ன்னு இருந்து விக்கிறவர் 390ன்னு சொன்னா பேச்சை முடிச்சுட்டு கிளம்பிடுங்க.

அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?

விக்கல. மூணு வருஷத்துக்கும் சேர்த்து 19,134 வண்டிதான், அதுல 1970ல வெறும் 4,116. ரெண்டு சீட்டு வண்டி வாங்குறவங்க கம்மி, இன்சூரன்ஸ் வேற ஏறிடுச்சு. 1971ல இருந்து ஏஎம்எக்ஸ்ங்கிற பேர் நாலு சீட்டு ஜாவலினோட மேல் மாடலுக்குப் போயிடுச்சு, அது நல்ல வண்டிதான், ஆனா இது வேற அது வேற. கம்பெனியையே 1987ல கிறைஸ்லர் வாங்கிடுச்சு.

அமெரிக்காவுல இருக்கேன் அண்ணா, ஒண்ணு வாங்குற ஆசை. எந்த வருஷம் எடுக்கலாம்?

அழகுக்கு 1968, ஓட்டுறதுக்கு 1970. காரணம் முன் சஸ்பென்ஷன். 68, 69ல மேல பக்கம் ட்ரனியன்னு பழைய காலத்து அமைப்பு, கிரீஸ் வைக்காம விட்டா தேஞ்சு போய் ஸ்டியரிங் அலைபாயும், 1970ல பால் ஜாயிண்ட்டுக்கு மாத்திட்டாங்க, இன்ஜினும் 360, 390ன்னு ஆச்சு, 390க்கு 325 ஹார்ஸ்பவர். எதை எடுத்தாலும் துருவை முதல்ல பாருங்க, ஏன்னா மெக்கானிக்கல் பார்ட்ஸ் தேடினா கிடைச்சுடும், ஜாவலின்ல இருந்து கதவு கூட எடுத்துக்கலாம், ஆனா கதவுக்குப் பின்னாடி இருக்குற தகடு இந்த வண்டிக்கு மட்டும் உள்ளது, அது அரிச்சுப் போயிருந்தா பணமும் போகும் வருஷமும் போகும்.