நர்சிங் முடித்த மகள் பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பினால்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகளுடன் கடலூரிலிருந்து வந்திருந்தபோது தாங்கள் கேட்டதற்கு அன்று அரைகுறையாகவே விடை சொன்னேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டிய பெண், விபத்தையும் வன்முறையையும் தடுப்பது பற்றி ஆராயப் போகிறேன் என்கிறாளே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது தங்கள் கவலை.

2022 ஜூன் மாதம் கெடிலம் ஆற்றில் ஏழு பேர் மூழ்கி இறந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய துயரத்துக்குப் பின் வேலி, எச்சரிக்கைப் பலகை, காவலர், பள்ளியில் நீச்சல் பயிற்சி என எல்லாவற்றையும் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் பணம் இராது என்பதால், எது உண்மையில் உயிரைக் காக்கும், அதில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று வரிசைப்படுத்துவதே இத்துறையின் முதல் வேலை.

எண்ணிக்கை மட்டும் அந்த வரிசையைத் தீர்மானிப்பதில்லை. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், ஆராய வேண்டிய கேள்விகள் வேறு. ஹெல்மெட் உயிர் காக்குமா என்று இனி யாரும் ஆராய வேண்டியதில்லை. கடலூர்–புதுச்சேரி சாலையில் பின்னிருக்கையில் அமர்பவர் ஏன் அதை அணிவதில்லை என்பதுதான் கேள்வி. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பின் தற்கொலை வெகுவாகக் குறைந்தது. எனவே நம்மைப் போன்ற விவசாய மாவட்டத்தில் எந்தப் பூச்சிமருந்து அதிக உயிர்களைப் பறிக்கிறது, அது எப்படி வீட்டுக்குள் வந்து சேருகிறது என்று கண்டறிவது அவசரமான பணி.

குடும்ப வன்முறைக்கு வரும்போது எண்ணே கைநழுவிப் போகிறது. தங்கள் மகள் என்னிடம் சொன்னது இது: இரவு டூட்டியில், கணவர் அருகிலேயே நிற்க, ஒரு பெண் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார், விபத்துப் பதிவேட்டிலும், அதாவது ஏ.ஆர். நோட்டிலும், அப்படியே ஏறியது. காயமோ இரண்டு மேற்கைகளிலும் விரல் பதிந்ததுபோல் இருந்ததாம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். அந்த நோட்டை மட்டும் நம்பி முன்னுரிமை வகுத்தால் இவர்கள் வரிசையிலேயே வர மாட்டார்கள்.

வரிசைப்படுத்தவும் முறை உண்டு. பலரிடமிருந்து ஆராய்ச்சிக் கேள்விகளைத் திரட்டி, விடை காண முடியுமா, விடை நடைமுறைக்கு வருமா, ஏழைகளுக்கும் போய்ச் சேருமா என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார்கள். மதிப்பெண் இடும் மேசையில் பேராசிரியர்கள் மட்டும் அமர்ந்தால் பட்டியல் அவர்கள் விருப்பப்படியே அமையும் என்பது என் கருத்து. கேஷுவாலிட்டியில் நின்ற செவிலியர் அங்கே இருக்க வேண்டியவர்.

படிப்பைப் பொறுத்தவரை, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் இரண்டாண்டு பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு இருக்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் உண்டு. காயத் தடுப்பு ஆய்வுக்கும் பெயர் பெற்றது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம். தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படித்த பின்பே விண்ணப்பியுங்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இத்துறையில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். ஆகவே நர்சிங் கவுன்சில் பதிவை விட்டுவிடாமல் புதுப்பித்து வரட்டும், வாரியத் தேர்வையும் எழுதட்டும். அவருக்குப் புள்ளியியல் பலவீனம் என்பதால் மூன்று மாதம் அதற்கே ஒதுக்கட்டும். தாம் பணிபுரியும் மருத்துவமனையில் முறைப்படி அனுமதி பெற்று, பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு மாத ஏ.ஆர். பதிவுகளைக் காரணவாரியாக எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலை அவருக்குச் சலிப்புத் தட்டினால் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் என்னிடம் மீண்டும் அழைத்து வாருங்கள்.