சிசேரியனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பையில் என்ன வைப்பது?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) வசிக்கிறேன். இது இரண்டாவது பிரசவம். முதலாவது சிசேரியன் என்பதால் இதையும் அப்படியே செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி, டிசம்பர் முதல் வாரத்தில் குன்னூரில் தேதி கொடுத்திருக்கிறார். கணவருக்குத் திருப்பூரில் வேலை, முந்தைய நாள்தான் வருவார். துணைக்கு மாமியார் மட்டும். தோழி ஒருத்தி 62 பொருட்கள் கொண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி எதிரே உள்ள கடையில் ‘டெலிவரி கிட்’ 6,500 ரூபாய் என்கிறார்கள். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒருவர் தினமும் போன் செய்கிறார். உண்மையில் எதை எடுத்துப் போக வேண்டும்? வயிற்றுக்கு பெல்ட் வாங்க வேண்டுமா?

பதில்: அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள் அம்மா. கடைக்காரரின் கிட்டையும் வாங்க வேண்டாம். இந்த மலையில் இருபது வருடங்களுக்கு மேல் பிரசவம் பார்த்துவிட்டேன். அந்தக் கிட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பவுடர், வாசனைத் தைலம், பால் பாட்டில், மெல்லிய நைலான் சட்டை இரண்டு. எதுவும் குழந்தைக்கு ஆகாது. உண்மையில் வேண்டிய பருத்தித் துணி அதில் இருக்காது.

தியேட்டர் வாசலில் நடப்பதைச் சொல்கிறேன். குழந்தை பிறந்த சில நிமிடங்களில் நர்ஸ் கதவைத் திறந்து, “குழந்தைத் துணி கொடுங்க” என்பார். அந்த நேரத்தில் பாட்டி பெரிய சூட்கேஸைத் தரையில் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பார். துணி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் உள்ளே மேஜையில் படுத்திருப்பார். இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால் குழந்தைக்கென்று ஒரு சின்னத் துணிப்பை தனியாக இருக்கட்டும். துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணி நான்கு, முன்பக்கம் முடிச்சுப் போடும் பருத்திச் சட்டை இரண்டு, தொப்பி இரண்டு, காலுறை, கையுறை, மேலே சுற்ற ஒரு கம்பளித் துணி. அதை மாமியாரின் கையில் கொடுத்து, பிரித்துக் காட்டிவிடுங்கள்.

தொப்பியை மறக்காதீர்கள். குன்னூரில் டிசம்பர் காலையில் நமக்கே பல் அடிக்கும், ஈரத்தோடு பிறக்கும் குழந்தைக்கு உடல் சூடு மளமளவென்று இறங்கிவிடும். பிறந்த குழந்தைக்குத் தலை பெரிது, அதன் வழியாகவே நிறைய சூடு போய்விடும். கம்பளி நேராகத் தோலில் பட வேண்டாம், உள்ளே பருத்தி, வெளியே கம்பளி. எல்லாவற்றையும் விட நல்ல கம்பளி உங்கள் நெஞ்சுதான். ஸ்பைனல் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள், குழந்தையை மார்பில் போடச் சொல்லி இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். முதல் நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

சமவெளியில் பத்து துணி போதும் என்பார்கள். இங்கே ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அதனால் குழந்தையின் இடுப்புத் துணி மட்டும் இருபத்தைந்து வரை வையுங்கள். ஈரத்துணியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

இனி உங்களுக்கு. முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு. உள்ளாடை தொப்புளுக்கு மேல் வரை வருகிற, தளர்ந்த பருத்தி ரகமாக இருக்கட்டும். எலாஸ்டிக் தையலின் மேல் உட்கார்ந்தால் தாங்க முடியாது. பெரிய பிரசவ பேடு இரண்டு பாக்கெட். வயிற்றைக் கிழித்து எடுத்ததால் தீட்டு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். சிசேரியனிலும் வரும், முதல் சில நாட்கள் நிறையவே வரும். சால்வை, ஸ்வெட்டர், வழுக்காத செருப்பு, ஸ்டீல் ஃபிளாஸ்க், சார்ஜர். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் பாட்டில் தண்ணீரை நம்பாதீர்கள். தைராய்டு, பி.பி., சர்க்கரை மாத்திரை எது சாப்பிட்டாலும் அந்த அட்டையோடு எடுத்துப் போங்கள். அன்று காலை எதை விழுங்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

நகை வேண்டாம். மூக்குத்தி, மெட்டி, வளைகாப்பு வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைச் சரியாகக் காட்ட வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் தங்கத்தை எடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அது எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. வீட்டில் பிளேடு போட்டு முடி மழிக்காதீர்கள். சின்னக் கீறல் விழுந்தாலும் சீழ் பிடிக்க வழியாகிவிடும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

தேயிலைச் சீமையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த டீ இதில் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். “டீதானே” என்று விடியற்காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்ததால் ஆபரேஷன் தள்ளிப்போன பெண்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது ஃபைலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தாய் சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்த வகை, முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, இருவரின் ஆதார் நகல், பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண். இந்த 12 இலக்க எண் இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, 2017-லிருந்து அப்படித்தான். நீங்கள் கர்ப்பமானதும் கிராம சுகாதார செவிலியர் பதிந்திருப்பார், ஆனால் அட்டையில் எண் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாமியார் வீட்டில் பதிவு, அம்மா வீட்டில் பிரசவம் என்று ஊர் மாறும் பெண்களுக்கு இந்த எண் அடிக்கடி தொலைந்துபோகிறது. நெட்வொர்க்கே கிடைக்காத எஸ்டேட் லைனில் இருக்கும் பெண்ணிடம், தையல் போட்ட வயிற்றோடு அலைந்து எண் வாங்கி வா என்று சொல்கிறார்கள். பெண்ணை அலையவிடாமல் அலுவலகம் அலுவலகத்தைக் கேட்டால் ஆகாதா?

பெயரும் அப்படியே. சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்புகிறவர் துணைக்கு வந்தவரைத்தான் கேட்பார். பாட்டி வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தக் காகிதம்தான். ஒரு எழுத்து தவறினால் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு தாளில் உங்கள் பெயர், கணவர் பெயர், நிரந்தர முகவரி மூன்றையும் ஆதாரில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஃபைலின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறப்பை ஆஸ்பத்திரியே பதிவு செய்யும், 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். “ஐந்நூறு கொடுங்க, நானே வாங்கித் தர்றேன்” என்று வராண்டாவில் நிற்பவரிடம் ஆதார் நகலைக் கொடுத்துவிடாதீர்கள்.

அதே வராண்டாவில் இன்னொரு கூட்டமும் இருக்கும். குழந்தையைக் கையில் கொடுக்க, ஸ்ட்ரெச்சரைத் தள்ள, துணி மாற்ற என்று ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்கள். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை. நான் பயிற்சிக் காலத்தில் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் இது தினமும் நடந்தது. எதிர்த்துக் கேட்ட நர்ஸைத்தான் இடம் மாற்றினார்கள். அரசு மருத்துவமனை என்றால், 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம். காசு கேட்டால் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள். மாமியாரின் முந்தானையில் இதற்கென்று பணம் முடிந்து அனுப்பாதீர்கள்.

பால் பவுடர் டப்பாவும் பையில் வேண்டாம். சிசேரியனில் பால் வராது என்று சொல்லி டப்பாவை எழுதித் தள்ளுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் நாள் குழந்தைக்கு வேண்டியது சில ஸ்பூன் சீம்பால், அது உங்களிடம் இருக்கும். தாய்மார்களிடம் இந்த டப்பாக்களை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டாக்டர் காரணம் சொல்லிக் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் பாலாடையில் கொடுக்கலாம், அதனால் ஒரு பாலாடை மட்டும் வையுங்கள். சேனை வைக்கத் தேன் பாட்டில் எடுத்து வரும் உறவினரிடம் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

தினமும் போன் செய்கிறவரைப் பற்றி. அந்த எண்ணைப் பிளாக் செய்துவிடுங்கள். குழந்தைக்குப் பிற்காலத்தில் நோய் வந்தால் அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தமே காப்பாற்றும் என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாயைத் தவணையில் வாங்குகிறார்கள். இப்படித் தனக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லேயே சொல்லிவிட்டது. பிறவிக் கோளாறு என்றால் அந்த ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். கொடியை ஒரு நிமிடமாவது தாமதித்து வெட்டினால் அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், ரத்தசோகையைத் தடுக்கும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நம் மலையில் அதைச் சொல்லாமல் விட முடியாது. சிக்கிள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்து எழுதியதே 1952-ல், நீலகிரி மக்களின் ரத்தத்தைச் சோதித்துத்தான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இது அதிகம். மூத்த பிள்ளைக்கு இந்த நோயோ, இன்னொரு பரம்பரை ரத்த நோயான தலசீமியாவோ இருந்தால், பிறக்கப்போகும் தம்பி தங்கையின் கொடி ரத்தம் அந்தப் பிள்ளைக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைப் பேச வேண்டியது ரத்தநோய் நிபுணரிடம், பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே. போன் செய்யும் ஏஜென்டிடம் அல்ல. தாய்க்கே அந்த நோய் இருந்தால் பையின் கணக்கும் மாறும். குளிரும் தண்ணீர்க் குறைவும் அவருக்கு வலியைக் கிளப்பிவிடும். அவர் இரண்டு கம்பளி, காலுறை, வெந்நீர் ஃபிளாஸ்க் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். பட்டினி நேரத்தில் டிரிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். பரிசோதனை அட்டையை ஃபைலின் முதல் தாளாக வைத்து, மயக்க டாக்டர் கையிலேயே கொடுக்க வேண்டும். நோய் வேறு, தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருக்கும் நோய்க் கூறு வேறு. கூறு மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, ஆனாலும் அட்டையைக் காட்டுங்கள். பரிசோதனையே செய்யாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள்.

தேதி குறித்துவிட்டார்களே என்று நிதானமாக இருந்துவிடாதீர்கள். வலிக்குத் தேதி தெரியாது. முதல் சிசேரியன் தழும்பு உள்ள கர்ப்பப்பை என்பதால், வலி எடுத்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ அப்போதே 108-ஐ அழையுங்கள். பையை இந்த வாரமே கட்டி வாசல் பக்கம் வையுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஒரு மரம் விழுந்தாலும் குன்னூர் ரோடு மணிக்கணக்கில் நின்றுவிடும். முடிந்தால் முந்தைய நாள் மதியமே போய்ச் சேருங்கள். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் உங்கள் கணவர் கீழேயே மாட்டிக்கொள்வார், அவரை இரண்டு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். வெளி மாவட்ட வண்டியில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் எடுக்க வேண்டும், பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை.

பெல்ட்டைக் கேட்டிருந்தீர்கள். தொப்பை கரையும், குடல் இறங்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள், இரண்டும் உண்மை இல்லை. எழுந்து நடக்கும்போது பிடிமானமாக இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றும். அப்படித் தோன்றினால் ஆபரேஷன் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள். இருமும்போது அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. குன்னூரிலிருந்து கோத்தகிரி வரும் வளைவுகளிலும் அதையே பிடித்துக்கொள்ளலாம்.