25ஆ, 45ஆ? மின் சைக்கிள் வாங்குமுன் சில கேள்விகள்

இந்த முறை நம் ரீயூனியன் தீவிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும் சாதாரண மின் சைக்கிளா, 45 வரை தள்ளிவிடும் வேக சைக்கிளா?

வீடு மேட்டில், லெ தம்போனில்; வேலை கீழே கடற்கரையில், சென் பியேரில். 45 வாங்கினால் சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பலாம் இல்லையா, அண்ணா?

இல்லை, தங்கச்சி. காலையில் இறக்கம், மோட்டாருக்கு வேலையே கிடையாது. சாயங்காலம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகவே சுமார் 300 வாட் வேண்டும். அதே ஏற்றத்தில் 45 போக 1,500 வாட் ஆகும். கடையில் விற்கும் வேக சைக்கிள்களில் பெரும்பாலானவை அதற்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊர் ஏற்றத்தில் நீங்கள் 25ஐத் தொடுவதே அபூர்வம். தொடாத வரம்பை உயர்த்த எதற்குக் காசு?

பார்க்க வேண்டியது மோட்டார் எங்கே இருக்கிறது என்பதை. பெடலுக்கு நடுவில் இருந்தால் நீங்கள் கியரைக் குறைக்கும்போது மோட்டாருக்கும் சுமை குறையும். சக்கரத்துக்குள் இருப்பது நீண்ட ஏற்றத்தில் மெதுவாகச் சுழன்று சூடேறி, பாதி வழியில் கைவிரித்துவிடலாம். திருகுவிசை (டார்க்) 70 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல், பேட்டரி 500 வாட்-மணி இருந்தால் போதும்.

அப்புறம் பிரேக். என் முதல் சைக்கிளில் டிஸ்க் சின்னது. தம்போனுக்கு மேலே உள்ள பிளேன் தெ காஃப்ர் மேட்டில், 27வது கிலோமீட்டர் என்ற இடத்திலிருந்து பின் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினேன். தம்போனுக்குள் நுழையும்போது பிரேக் பிடி ஹேண்டில் வரை வந்துவிட்டது, தீய்ந்த வாடை வேறு. ஓரமாக நிறுத்தி, புத்தி கெட்டுப்போய் பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன். தோசைக்கல் மாதிரி சொய்ங் என்றது. டிஸ்கும் கோணிக்கொண்டது. இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள். டிஸ்க் 200 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

சென் போலிலிருந்து லெ போர் வரை தினமும் 10 கிலோமீட்டர். சமதரைதான்.

45க்கு அர்த்தம் உள்ள இடம் இதுதான். 25இல் 24 நிமிடம், 40இல் 15 நிமிடம். ஒரு தடவைக்கு 9 நிமிடம் மிச்சம். ஆனால் இங்கே செல்லும் பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில் அது சைக்கிளே இல்லை, மோப்பெட். பதிவு அட்டை, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், மோட்டார் பைக் ஹெல்மெட், கையுறை எல்லாம் வேண்டும். தனியாகப் பலகை வைத்து அனுமதித்தால் ஒழிய சைக்கிள் பாதையிலும் போகக்கூடாது. கரும்பு வெட்டும் மாதங்களில் கரும்பு ஏற்றிவரும் பெரிய கஷலோ லாரிகளுக்குப் பக்கத்தில்தான் உங்கள் சவாரி. தாமரென் விரைவுச் சாலையில் இரண்டு வண்டிக்குமே அனுமதி கிடையாது. 25ஐ விட 45இல் காற்று மூன்று மடங்குக்கு மேல் எதிர்த்துத் தள்ளும். பேட்டரி அதற்கேற்பக் கரையும். என்னைக் கேட்டால் 9 நிமிடத்துக்கு இது கொஞ்சம் அதிகம். லாரிகளோடு ஓட்டிப் பழகியவர் என்றால் எடுங்கள்.

25 வண்டியை வாங்கி, வேக வரம்பை நீக்கும் கிட் போட்டுத் திறந்துவிட்டால் மலிவாக முடியுமே?

முடியும், அபராதம் மட்டும் மலிவில்லை. 30,000 யூரோ வரை போகலாம், ஓராண்டுச் சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பயம், யாரையாவது இடித்துவிட்டால் வருவது. வீட்டு இன்சூரன்ஸ் சைக்கிள் என்று நினைத்துத்தான் உங்களுக்குப் பொறுப்பேற்கிறது. வண்டி மோப்பெட் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடும், அடிபட்டவரின் செலவு உங்கள் தலையில். ஆன்லைனில் 750 வாட், பெடல் மிதிக்காமலே ஓடும் என்று வரும் வண்டிகளுக்கும் இதே கதைதான். மோட்டார் விடாமல் தரும் திறன் 250 வாட்டுக்குள், மிதித்தால்தான் உதவி, 25இல் நிறுத்தம்: மூன்றும் இருந்தால்தான் அது சைக்கிள்.

பையனுக்குப் பதினைந்து வயசு, 45 கேட்கிறான்.

பதினாலிலிருந்தே ஏ.எம். என்ற மோப்பெட் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். நீங்கள் 1988க்கு முன் பிறந்தவர் என்றால் உங்களுக்கு அதுகூட வேண்டாம். சட்டம் சரி என்கிறது, நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது, எதைப் பார்க்கலாம்?

பேட்டரியை முழுசாக ஏற்றச் சொல்லுங்கள். கடைக்குப் பக்கத்தில் உள்ள மேட்டில் இருபது நிமிடம் ஏற்றிப் பாருங்கள். இறங்கியதும் மோட்டார் எவ்வளவு சூடு என்று கையை வைத்துப் பாருங்கள், திரையில் பேட்டரிக் கோடு எத்தனை மிச்சம் என்றும் பாருங்கள். சார்ஜரும் பேட்டரிச் சாவி இரண்டும் கையில் வரட்டும். ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.