மீனா ஹப்பார்டின் ஆறுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1905இல் கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடாரில் பயணம் செய்து ஆறுகளை வரைபடமாக்கிய மீனா ஹப்பார்டை முன்னோடி என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தப் பயணத்தில் துடுப்புப் போட்டது, சமைத்தது, மூட்டை சுமந்தது எல்லாம் கூடவந்த நான்கு ஆண்கள். அந்த ஆறுகளோ அங்கத்திய பூர்வகுடிகளான இன்னு மக்கள் காலங்காலமாகப் புழங்கியவை. அவரை முன்னோடி என்பது கொஞ்சம் அதிகமில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் இரண்டுமே உண்மை. ஆனாலும் அதிகமில்லை என்பேன், காரணம் அவர் வரைந்த வரைபடம்.

1903இல் அவருடைய கணவர் லியோனிடாஸ் ஹப்பார்ட் லாப்ரடாருக்குள் போனபோது கையிலிருந்த வரைபடத்தில் கிராண்ட் ஏரிக்கு வந்துசேரும் ஆறு ஒன்றே ஒன்றுதான், அங்கே இருந்ததோ பல. நாஸ்காபி ஆற்றின் வாயைக் கவனிக்காமல் தாண்டிப்போய் சூசன் என்ற ஓடையில் ஏறினார்கள், தண்ணீர் போதாமல் படகைச் சுமந்தே நாட்கள் போயின, சாப்பாடு தீர்ந்தது, அக்டோபரில் கூடாரத்துக்குள் லியோனிடாஸ் பட்டினியால் இறந்தார். அந்த நாஸ்காபியைத்தான் மீனா 1905இல் அளந்தார். ஜூன் 27 அன்று கிளம்பி, மிச்சிகமாவ் ஏரியைக் கடந்து, ஜார்ஜ் ஆற்றில் இறங்கி, ஆகஸ்ட் கடைசியில் உங்காவா விரிகுடா. அதே நாளில் தனிக்குழுவோடு கிளம்பிய டில்லன் வாலஸ், கணவரின் பழைய கூட்டாளி, வந்துசேர அக்டோபர் ஆகிவிட்டது.

அளப்பது லேசான வேலையில்லை. சூரியனின் உயரக் கோணத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் செக்ஸ்டன்ட் கருவிக்கு அடிவானம் வேண்டும், மலைகளுக்கு நடுவே அது ஏது? செயற்கை அடிவானத்தில், அதாவது மட்டமாக வைத்த பிரதிபலிக்கும் பரப்பில், தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் கண்ணாடிக்குள் ஒன்றாகப் பொருத்தி, கிடைக்கும் கோணத்தைப் பாதியாக்க வேண்டும், அதுவும் ஈயும் கொசுவும் மொய்க்கிற இடத்தில் கை அசையாமல். நாஸ்காபி, நார்த்வெஸ்ட் என இரண்டாக நினைத்திருந்தது ஒரே ஆறுதான் என்று இந்தப் பயணத்தில்தான் உறுதியானது.

இன்னு மக்கள் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஜார்ஜ் ஆற்றங்கரையில் சந்தித்த நாஸ்காபிகள் (இன்னு மக்களில் ஒரு பிரிவினர்), வேகமாகப் போனால் ஐந்து இரவு தூங்குவதற்குள் கடலோரக் கிடங்கை அடையலாம் என்று சொன்னார்கள். அவர்களுக்கு அது தெரியாத ஆறே அல்ல. மீனா சேர்த்தது, அங்கே பிறக்காதவரும் நம்பிப் போகக்கூடிய ஒரு தாள்.

அப்புறம் அந்த நால்வர். ஜார்ஜ் எல்சன் 1903இல் பனியில் தனியாக நடந்து உதவி தேடிக்கொண்டுவந்தவர், கில்பர்ட் பிளேக் அப்போது மீட்கப் போனவர்களில் ஒருவர். எல்சன் தன் வார்த்தைகளில் சொன்ன 1903 அனுபவத்தை மீனா 1908இல் வெளியிட்ட தன் நூலிலேயே சேர்த்திருக்கிறார். முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.